ஹெரால்டு பிரேக் சிலிண்டர்: ‘புதியது’ என்று பணம் வாங்கிப் பழையதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தந்த கதை

பழைய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் வேலைக்கு வண்டியைப் பட்டறையில் விடுமுன் இதை ஒருமுறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புகார் இன்னும் முடிவாகாததால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கும் சொல்லப் போவதில்லை.

என்னிடம் இருப்பது 1967ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்பா ஓட்டிய வண்டி. இரண்டு ஆண்டுகள் ஷெட்டிலேயே நின்றதில் பிரேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. பின் இடது சக்கரத்தில் ஆயில் கசிந்து டயரின் உட்புறம் நனைந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம், பிஸ்டன் ஓடும் வார்ப்பிரும்பு சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி விழச் செய்கிறது. குழி விழுந்த சுவரில் ஆயிலைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் கசிவு நிற்காது. போதாக்குறைக்கு இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது), ஒரே லைன் என்பதால், எங்கோ ஓரிடத்தில் ஒரு கப் கிழிந்தாலும் காலால் மிதிக்கும் பிரேக் முழுவதும் போய்விடும். இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஏமாந்தேன்.

பழைய வண்டிகளுக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில், சிலிண்டர்கள் அனைத்தையும் புதிதாக மாற்ற வேண்டும், புதியது கிடைக்காவிட்டால் பழையதன் உட்துளையை லேத்தில் கடைந்து அகலப்படுத்தி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கி, பழைய உள்விட்டத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் வண்டியை விட்டேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே, “எல்லாமே புதுசு கிடைச்சிருச்சு சார், ஸ்லீவெல்லாம் எதுக்கு?” என்றார். பதினொரு நாள் கழித்து வண்டியை எடுக்கச் சென்றபோது முன்பக்கம் முழுவதையும் தூக்கித் திறந்து, பளபளவென்றிருந்த மாஸ்டர் சிலிண்டரைக் காட்டினார். ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வீல் சிலிண்டர்கள், சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் மூடியிருந்தன. கழற்றிக் காட்டச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். 38,500 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீதில் ‘பிரேக் ஒர்க் கம்ப்ளீட்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு வந்தது என் மடத்தனம்.

மூன்று வாரம் பிரேக் நன்றாகவே பிடித்தது. நான்காவது வாரம் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டியதும் வண்டி இழுவை குறைந்து, எதையோ கட்டி இழுப்பது போல் ஓடியது. பெடலைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. வண்டலூர் அருகே கருகல் வாடை தாங்காமல் ஓரங்கட்டினேன். இந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. பிறந்த ஊருக்கு வந்து படுத்துவிட்டது என்று உடன் வந்த மைத்துனர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்சக்கர டிரம் பக்கம் கையை நீட்ட முடியாத அளவுக்கு அனல் அடித்தது. வண்டியைத் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) ஸ்பேனரால் கால் சுற்றுத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரங்கள் விடுபட்டன.

பல்லாவரம் பக்கம் ஒரு பெரியவரிடம் டோ செய்து கொண்டுபோனேன். அவர் டிரம்மைத் தொடவே இல்லை. ஆயில் தொட்டியிலிருந்து சிறிது உறிஞ்சி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டார். நல்ல பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்துவிட வேண்டும். என் தம்ளரில் பாதி கலந்தது. மீதி வானவில் நிறத்தில் மேலே படலமாக மிதந்தது. “எஞ்சின் ஆயிலோ டீசலோ பட்டிருக்கு தம்பி, கப்பெல்லாம் ஊதியிருக்கும்” என்றார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர், ஊறவைத்த மொச்சைக்கொட்டை போல உப்பி, விரலால் அழுத்தினால் கொழகொழத்தது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னுக்கு வந்து, தொட்டிக்குச் செல்லும் வழியைத் திறந்துவிட வேண்டும். ரப்பர் உப்பி பிஸ்டன் இறுகியதால் வழி திறக்கவில்லை. சூட்டில் விரிந்த ஆயில் போக இடமின்றித் தானாகவே பிரேக் பிடித்திருக்கிறது. கிரீஸ் தேய்த்தோ டீசலில் கழுவியோ பூட்டியதன் விளைவு இது. பிரேக் ரப்பரைக் கழுவப் பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோதான் உதவும் என்பது பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

அதன் பின்னரே டிரம்களைக் கழற்றினோம். ‘புதிய’ வீல் சிலிண்டரின் மேல் நகத்தால் சுரண்டியதும் கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து, கீழே ஐம்பது ஆண்டுத் துரு தெரிந்தது. உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. குழிகளோ அப்படியே இருந்தன, நகம் தட்டியது. இன்னொன்றும் கண்டோம். இந்த வண்டியில் பின்சக்கர சிலிண்டர், பின்தகட்டிலுள்ள துளையில் முன்னும் பின்னும் நழுவினால்தான் டிரம்மை உரசி நிறுத்தும் இரண்டு லைனிங்கும் சமமாகப் பிடிக்கும். தகட்டோடு சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்ததால் அது ஒட்டிக்கொண்டு, அத்தனை நாளும் ஒரு பக்க லைனிங் மட்டுமே வேலை செய்திருக்கிறது. பழையதைப் புதியது என்று விற்றதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு போகிற வண்டி என்று தெரிந்தும் இப்படிப் பூட்டிக் கொடுத்தவரை என்ன சொல்வது?

பிரேக் ஆயிலில் வேறு எண்ணெய் ஒருமுறை கலந்துவிட்டால் கழுவி மீட்க முடியாது. ஹோஸ் உட்பட எல்லா ரப்பரையும் எறிந்துவிட்டு, ஸ்டீல் பைப்புகளை ஸ்பிரிட்டால் அலசி, சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் போட்டுத் திரும்பப் பூட்ட இன்னொரு 31,000 ரூபாய் ஆயிற்று. இம்முறை பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரையும் வெளிச்சத்தில் பிடித்து உட்சுவரைப் பார்த்தேன். கப்பின் மேல் பொறித்திருக்கும் அளவை ஸ்லீவின் விட்டத்தோடு ஒப்பிட்டேன். ஆயில் டின்னின் சீலை என் கண்ணெதிரே உடைக்கச் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது, அவ்வளவே.

முதல் பட்டறைக்காரரிடம் படங்களோடு போனபோது, “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும், கொண்டாங்க, கூலி இல்லாம பார்த்துத் தர்றேன்” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், புதிய சிலிண்டர் போட்டதாகத் தாம் எழுதித் தரவே இல்லை என்றார். ரசீதைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. ஆனால் வண்டியை எடுப்பதற்கு முந்தைய நாள் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் ‘நியூ சிலிண்டர் ஃபிட்டிங் ஓவர்’ என்று இருக்கிறது. அதை நம்பித்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. உப்பிய கப்புகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். சுரண்டிய சிலிண்டருக்கு ஸ்லீவ் போடாமல், வேறொன்று தேடி மாட்டிக்கொண்டு, அதையும் விசாரணைக்கென்று பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.