கிஃப்ட் கார்டா, மொய்க் கவரா?

விசேஷத்துக்குப் போகும்போது எதைக் கொடுப்பது என்று கேட்டால், நான் கவர் பக்கம்தான். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவருக்குள் ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தால் 501 ஆகிவிடும். வாங்கியவர் அதில் பால் பாக்கியும் கட்டலாம், பந்தல்காரருக்கும் கொடுக்கலாம். மதுரை, தேனிப் பக்கம் என்றால் பேரும் ஊரும் தொகையும் மொய் நோட்டில் ஏறிவிடும். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும்.

கிஃப்ட் கார்டு அப்படியில்லை. வங்கி தரும் கார்டில் ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஒரு வருடமாவது செல்லும். ஒரே கடையில் மட்டும் செல்லும் கார்டுகளுக்கு இந்த விதிகள் கிடையாது. கடைக்காரர் வைத்ததுதான் கெடு. ஆயிரம் ரூபாய் கார்டில் 870 ரூபாய்க்குச் சட்டை எடுத்தால், மீதி 130 ரூபாய் சும்மா கிடக்கும். அதைத் தீர்க்கக் கைக்காசும் போட வேண்டும். எனக்கு வருத்தமே இதில்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்த கவர் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். புத்தகக் கடை கார்டு அவளிடமே இருக்கும். தனக்கென்று எதுவும் வாங்காத அம்மாக்களுக்கும் கார்டுதான் சரி. அந்தக் கடை அவர்கள் ஊரில் இருக்கிறதா என்று பார்த்து, கெடு தேதியைக் கவர் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.