ஊசியா, பயிற்சியா, பொறுத்திருப்பதா?

சென்ற ஆண்டு என் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்தது. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. நீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கினால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று இழுத்தது. டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவர்களுக்கும் வரும் இந்தத் தொல்லைக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டே வாரத்தில் வலி பறந்துவிட்டது. கைவலி என்று சொன்ன நண்பர்களிடமெல்லாம் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் மாதம் வலி திரும்பி வந்தது. அப்போதுதான் ஆய்வுகளைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்ததும், ஊசியைப் புகழ்ந்து சொன்ன ஒவ்வொருவரையும் மறுபடி அழைத்து மீதிக் கதையையும் சொன்னேன்.

அந்த மீதிக் கதை 2002-லேயே வெளிவந்திருக்கிறது. நெதர்லாந்தில் இதே வலி உள்ள 185 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு ஊசி. இன்னொரு பிரிவினருக்கு பிசியோதெரபி. மூன்றாம் பிரிவினரிடம், கையை வருத்தாமல் பொறுத்திருங்கள், தேவையானால் வலி மாத்திரை போடுங்கள் என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, பொறுத்திருந்தவர்களில் 32. இத்தோடு கணக்கை மூடியிருந்தால் ஊசிக்கு மாலை போட்டிருப்பார்கள். ஓராண்டு முடிவில் அதே ஆட்களை மறுபடியும் பார்த்தார்கள். ஊசி 69 சதவீதம், பிசியோதெரபி 91, பொறுத்திருந்தவர்கள் 83.

ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று யாரும் சொல்லலாம். 2006-ல் 198 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஊசியால் தேறிய 65 பேரில் 47 பேருக்கு வலி மீண்டும் வந்தது. 2013-ல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. அதில் சிலருக்கு மருந்து ஊசியும் சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டார்கள். ஓராண்டில் மருந்து பெற்றவர்களில் 83 சதவீதம் பேர் குணமடைந்தார்கள், வெற்று ஊசி பெற்றவர்களில் 96 சதவீதம். என் தீர்ப்பு இதுதான்: அடுத்த ஆறு வாரம் கை இல்லாமல் பிழைப்பே நடக்காது என்பவர், பின்னால் என்ன வரலாம் என்று தெரிந்துகொண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் பயிற்சிக்குப் போகலாம். ஓராண்டு முடிவில் பிசியோதெரபிக்கும் பொறுமைக்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் இருக்கக்கூடும். ஆனால் தொடக்க வாரங்களைப் பயிற்சி எளிதாக்குகிறது.

அடுத்தது குழந்தையின் காதுவலி. நள்ளிரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவரிடம் சதவீதம் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பேசியாக வேண்டும், ஏனென்றால் உலகெங்கும் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நடுக்காது அழற்சி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்வது இது: ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் வெற்று மருந்து கொடுத்தாலும் 24 மணி நேரத்தில் சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு வலி அடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி நீங்க வேண்டுமானால் 20 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தடிப்போ வருகிறது. மருந்து கொடுத்த மறுநாள் பிள்ளை சிரித்து விளையாடினால் மருந்துக்குத்தான் நன்றி சொல்வோம். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று முடித்துவிட்டால் அது பெரும் பிழை. 2006-ல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, குழந்தைகளை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்து, இரண்டு காதிலும் அழற்சி இருந்தால், நான்கு பேருக்குக் கொடுத்தாலே ஒருவருக்குப் பயன் கிடைக்கிறது. காதில் சீழ் வடிந்தால் மூவருக்கு ஒருவர். இருபதுக்கு ஒன்று எங்கே, மூன்றுக்கு ஒன்று எங்கே! ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவையும், காதுக்குப் பின்னால் வீக்கமும் சிவப்பும் உள்ள பிள்ளையையும் வைத்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது. இவை எதுவும் இல்லாத, சற்றே வளர்ந்த பிள்ளைக்கு எடைக்கேற்ற அளவில் வலி மருந்து கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சில மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, வலி குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள் என்பார்கள். அந்தச் சீட்டு கைப்பையில் இருப்பதே பெற்றோருக்குத் தூக்கம் தரும்.

காதுவலியில் கைகொடுக்கும் பாராசிட்டமால், திடீர் முதுகுவலியில் கைவிட்டுவிடுகிறது. சுமார் 1,650 பேர் பங்கேற்ற ஆஸ்திரேலிய ஆய்வு 2014-ல் வெளியானது. பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் தேற 17 நாள் ஆனது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள். படுக்கையே மருந்து என்ற பழைய நம்பிக்கையும் நிற்கவில்லை. ஹெல்சிங்கியில் 186 பேரை வைத்து நடந்த 1995 ஆய்வில், படுத்திருந்தவர்களையும் முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தவர்களே விரைவில் தேறினார்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதுவரை சொன்னவை தாமாகவே அடங்கக்கூடிய நோய்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவருக்கு அப்படியில்லை. சும்மா இருந்தால் நோய் வளரும். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரைப் பிரிவில் ஆண்டுக்கு 100 பேரில் 11 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 7.8. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலை அசைப்பது என்ற இலக்குடன் பயிற்சி பெற்றவர்களில் 4.8. மாத்திரையும் வேலை செய்தது, நடை இன்னும் நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த நடைக்குப் பின்னால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அமர்ந்து சொல்லிக்கொடுத்த 16 பாடங்கள் இருந்தன. ‘நடங்கள், எடையைக் குறையுங்கள்’ என்று அரை நிமிடத்தில் சொல்லி அனுப்புவதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. அந்தத் துணை கிடைக்காத இடத்தில், நாற்பது வயதில் உடல் மிகவும் பருத்திருப்பவருக்கு மெட்ஃபார்மின் நல்ல தேர்வு, அந்த வயதிலும் எடையிலும் அது நன்றாகவே வேலை செய்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த மாத்திரையால் பயன் சொற்பம்; நடையும் எடைக் குறைப்பும் அவர்களிடம்தான் மிக அதிகமாகப் பலித்தன.