மல்டிமீட்டரா, போஸ்ட் கார்டா?

சேலத்தில் பழுதுவேலை பழகும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: மதர்போர்டைப் பழுதுபார்க்க முதலில் எதை வாங்குவது? மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரா, கணினி தொடங்கும்போது எங்கே நிற்கிறது என்று காட்ட போர்டில் செருகும் சோதனை அட்டையான போஸ்ட் கார்டா?

உயிரே இல்லாத போர்டு
மல்டிமீட்டர்: பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் இணைப்பின் ஊதா வயரில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் பச்சை வயர் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். பிறகு சாம்பல் வயரில் 5 வோல்ட் வர வேண்டும்.
போஸ்ட் கார்டு: இருண்டே கிடக்கும்.

சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து ஒரு போர்டு வந்தது. மலைப்பனியின் ஈரத்தில் பிராசஸர் பக்கம் பச்சைப் பாசிபோல் களிம்பு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பில் 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தேன்: 0.4 ஓம். நேர் ஷார்ட். களிம்பேறிய மாஸ்ஃபெட்டை (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச் போன்ற பாகம்) கழற்றியதும் ஷார்ட் விலகியது. எந்தக் கார்டும் இதைக் காட்டியிருக்காது.

மின்விசிறி சுழன்றும் திரை வராத போர்டு
போஸ்ட் கார்டு: எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை இரண்டு எழுத்துக் குறியீடாகக் காட்டும். கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்குப் பயாஸ் குறியீட்டின் பொருள் மாறும்.
மல்டிமீட்டர்: மின்னழுத்தங்கள் சரியென்று சொல்லும், ராம் கோளாறைச் சொல்லாது.

எவ்வளவு காலம் உதவும்?
மல்டிமீட்டர்: பல ஆண்டுகள் வரும். புரோப் வயரைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.
போஸ்ட் கார்டு: பிசிஐ ஸ்லாட் (கூடுதல் கார்டுகளைச் செருகும் பழைய வகை இடம்) உள்ள போர்டுகளுக்கே பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவருக்கு மல்டிமீட்டர் போதும். பழைய போர்டுகள் நிறைய வரும் கடைக்கு இரண்டும் வேண்டும். அங்கும் முதலில் மல்டிமீட்டரையே வாங்குங்கள்.