யூட்டா மின்முனை அணி: நுனிப் பூச்சை முன்வைத்து ஒரு மதிப்புரை

மூளையின் மேலடுக்கான புறணியில் பதிக்கப்படும் நுண்ணிய மின்முனை ஊசிகளின் தொகுப்பான யூட்டா அணியை மதிப்பிடும்போது, 4 மில்லிமீட்டர் சதுரத்தில் நிற்கும் 100 சிலிக்கான் ஊசிகளைவிட, அவற்றின் நுனியிலுள்ள மெல்லிய பூச்சையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன். இவ்வணி பிளாட்டினம், இரிடியம் ஆக்சைடு ஆகிய இரு பூச்சுகளில் கிடைக்கிறது. நரம்பணுக்களின் மின்குறிப்புகளைப் பதிவுசெய்ய மட்டும் பிளாட்டினம் போதும். ஆனால் மூளையைத் தூண்டவும் வேண்டுமென்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.05 முதல் 0.15 மில்லிகூலும் மின்னூட்டம் வரையே பாதுகாப்பாகச் செலுத்தும் பிளாட்டினத்தைவிட, 1 முதல் 5 மில்லிகூலும் வரை தாங்கும் இரிடியம் ஆக்சைடையே தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

2004-இல் கை கால் செயலிழந்த ஒருவர் இவ்வணியின் துணையால் எண்ணத்தாலேயே கணினிச் சுட்டியை நகர்த்தினார் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. இருப்பினும், காலப்போக்கில் ஊசியைச் சுற்றி வடுத்திசு படர்ந்து மின்குறிப்புகள் மங்குவது இதன் பெருங்குறை.

ஆய்வகங்களில் முயலப்படும் பிளாட்டினம் நானோதுகள் பூச்சு, நுனியின் அளவைக் கூட்டாமலேயே அதன் உண்மையான பரப்பைப் பலமடங்காக்கி, மின்மறுப்பையும் (மின்னோட்டத்துக்கு எழும் தடை) அதனால் எழும் வெப்ப இரைச்சலையும் (பதிவில் கலக்கும் தேவையற்ற மின்சலனம்) குறைக்கிறது. வடுத்திசுவை அது தானாகத் தடுத்துவிடாது. துகள்கள் உதிர்ந்து திசுவில் தங்கிவிடும் அபாயமும் உண்டு என்பதால், திசுவுக்குள் செருகிய பின்னரும் கோடிக்கணக்கான மின்துடிப்புகளுக்குப் பின்னரும் பூச்சு பற்றி நிற்கிறதா என்னும் சோதனை முடிவைக் காணாமல் எந்தப் புதிய பூச்சையும் நோயாளிக்கு ஏற்க மாட்டேன்.