குறுக்குக்கோடு விழுந்த ஆப்பரேட்டர்கள்: ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸோடு நீண்டகால அனுபவம்

ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை அதன் 5ஆம் பதிப்புக் காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். பட்டன் கிளிக், தேடல் பெட்டியில் தட்டும் எழுத்து, வெப்சாக்கெட்டில் வரும் செய்தி, சர்வர் அனுப்பும் பதில் என்று எதுவானாலும் ஒரே மாதிரி ஸ்ட்ரீமாக, அதாவது நேரப்போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் மதிப்புகளாக, கையாளலாம் என்பதில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. ஆனால் இதில் எழுதிய நிரலை வருடக்கணக்கில் பராமரிப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகியிருக்கும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த மெத்தட் பெயரின் மேல், பதிப்பை ஏற்றிய மறுநிமிடம் எடிட்டர் ஒரு குறுக்குக்கோடு போட்டு வைத்திருக்கும். டெப்ரிகேட் ஆகிவிட்டது என்று அர்த்தம்: இப்போதைக்கு ஓடும், பின்னொரு பதிப்பில் நீக்கப்படும்.

எல்லாக் குறுக்குக்கோடும் பார்க்க ஒரே மாதிரிதான். பின்னாலுள்ள காரணங்கள் ஒன்றல்ல. சில வெறும் பெயர் மாற்றம். சில பழைய மெத்தட்டின் நடத்தையே சரியில்லை என்பதால் வந்தவை. எடிட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. "இதற்குப் பதில் அதைப் போடு" என்று ஒரு வரி சொல்லும், அவ்வளவுதான். அந்த வரியை நம்பித் தேடி-மாற்று செய்தால் எங்கே பிரச்சினை வராது, எங்கே இடிக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பெரிய அலை 2018இல் 6ஆம் பதிப்போடு வந்தது. அதுவரை புள்ளி வைத்துச் சங்கிலியாகக் கோத்த ஆப்பரேட்டர்கள் (ஸ்ட்ரீமை மாற்றித் தரும் மெத்தட்கள்) எல்லாம் பைப் என்ற மெத்தட்டுக்குள் போயின. டூ என்பது டேப் ஆனது, கேட்ச் என்பது கேட்ச்எரர், ஃபைனலி என்பது ஃபைனலைஸ். பழைய பெயர்கள் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஒதுக்கப்பட்ட சொற்கள்; தனி ஃபங்ஷனாக எழுதும்போது அவற்றைப் பெயராக வைக்க முடியாது. மாற்றம் பெரிதுதான், ஆனால் வலி குறைவு. ஆர்எக்ஸ்ஜேஎஸ்-காம்பாட் என்ற துணைப் பொதியைச் சேர்த்தால் அந்தப் பதிப்பில் பழைய நிரல் ஓடியது, தானாக மாற்றித் தரும் கருவியும் இருந்தது. பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை என்பதால் கருவி செய்ததை நம்ப முடிந்தது.

2021இல் வந்த 7ஆம் பதிப்பு வேறு ரகம். எங்கள் நிரலில் எதுவும் உடனே உடையவில்லை, குறுக்குக்கோடுகள் மட்டும் பெருகின. உடையாத மாற்றத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

முதலில், ஸ்ட்ரீமைப் பிராமிஸாக (பின்னால் வரப்போகும் ஒரே மதிப்பாக) மாற்றும் டூபிராமிஸ். பிராமிஸுக்குக் காத்திருக்கும் அசிங்க்-அவெய்ட் முறைக்குப் பழகியவர்கள் எல்லோரும் அப்சர்வபிளின் (ஸ்ட்ரீமுக்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ் வைத்த பெயர்) கடைசியில் இதை ஒட்டுவார்கள். 7இல் இதற்குக் கோடு விழுந்தது, பதிலாக ஃபர்ஸ்ட்வேல்யூஃப்ரம், லாஸ்ட்வேல்யூஃப்ரம் என்று இரண்டு வந்தன. ஒன்றுக்கு இரண்டு ஏன்? பழையது ஸ்ட்ரீம் முடியும்வரை காத்திருந்து கடைசி மதிப்பைத் தரும். முடியவே முடியாத ஸ்ட்ரீமில் வைத்தால் அவெய்ட் அங்கேயே நின்றுவிடும், எரரும் வராது. எப்போதும் ஒரு மதிப்பை வைத்திருந்து, தானாக முடியாத பிஹேவியர்சப்ஜெக்டின் தற்போதைய மதிப்பை எடுக்கலாம் என்று இதைப் போட்டுவிட்டு, லோடிங் சக்கரம் ஏன் நிற்கவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மதிப்பு போதுமா, முடியும்வரை காத்திருக்க வேண்டுமா என்று இப்போது நாமே சொல்லியாக வேண்டும். நல்லது.

சிக்கல் ஒரு மதிப்புமே வராமல் முடியும் ஸ்ட்ரீமில். டூபிராமிஸ் அப்போது சத்தமில்லாமல் அன்டிஃபைண்ட் தரும். புதிய இரண்டும் எம்ப்டிஎரர் என்ற பிழையோடு பிராமிஸை நிராகரிக்கும். காகிதத்தில் சின்ன வித்தியாசம், ஓடும் நிரலில் அப்படி இல்லை. ஒரு திரையைப் பாருங்கள்: சர்வர் அழைப்புக்குப் பின்னால் டேக்அன்டில் இருக்கிறது, பயனர் திரையை மூடினால் ஸ்ட்ரீம் முடிந்துவிடும். பதில் வருவதற்குள் மூடிவிட்டால் மதிப்பு எதுவும் வந்திருக்காது. பழைய நிரலில் அன்டிஃபைண்ட் வரும், அடுத்த வரியில் உள்ள இஃப் அதைத் தள்ளிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. லாஸ்ட்வேல்யூஃப்ரம் போட்ட அன்றிலிருந்து, அவசரமாகத் திரையை மூடும் ஒவ்வொரு பயனரும் பிழைப் பதிவேட்டில் ஒரு வரி சேர்ப்பார். எங்கள் பதிவேடு ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது அளவுருவாக டிஃபால்ட்வேல்யூ கொடுத்தால் பழைய நடத்தை திரும்பக் கிடைக்கும். ஆனால் எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொடுக்கக்கூடாது. சில இடங்களில் அந்த எம்ப்டிஎரர்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்த உண்மையான பிழையைக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு இடமாகப் பார்த்து முடிவெடுப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

இதைவிடக் கடினம் பப்ளிஷ்ரீப்ளே. மல்டிகாஸ்ட், பப்ளிஷ், பப்ளிஷ்ரீப்ளே என்று ஒரே ஸ்ட்ரீமைப் பலருக்குப் பகிரும் அந்தக் குடும்பம் முழுவதற்கும் 7இல் கோடு விழுந்தது. பதிலாக கனெக்டபிள், கனெக்ட், அப்புறம் அமைப்புகளோடு கூடிய ஷேர். எங்கள் நிரலில் சர்வரிலிருந்து ஒருமுறை எடுத்த அமைப்புத் தகவலைப் பல திரைகள் பகிர்ந்துகொள்ள, கடைசி ஒரு மதிப்பைச் சேமிக்கும் பப்ளிஷ்ரீப்ளே(1) உடன், கேட்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து இணைக்கும் ரெஃப்கவுண்ட் சேர்த்து எழுதியிருந்தோம். அதை ஷேருக்கு மாற்றி, கனெக்டராக ரீப்ளேசப்ஜெக்ட் (வந்த மதிப்பைச் சேமித்துப் பிறகு வருபவர்களுக்கும் தருவது) கொடுத்தால் முடிந்தது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். டெஸ்ட்டும் பச்சையாக இருக்கும். ஆனால் ஷேரில் ரீசெட் அமைப்புகள் மூன்று உண்டு: எரர் வந்தால், ஸ்ட்ரீம் முடிந்தால், சந்தாதாரர் (ஸ்ட்ரீமைக் கேட்பவர்) எண்ணிக்கை பூஜ்யமானால். மூன்றுக்கும் இயல்புநிலை ட்ரூ. சர்வர் பதில் வந்ததும் ஸ்ட்ரீம் முடிகிறது, முடிந்ததும் ரீசெட் ஆகிறது, அடுத்து வரும் திரை மறுபடி சர்வரை அழைக்கிறது. பகிர்வதற்காகப் போட்ட ஆப்பரேட்டர் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அழைப்பு அனுப்பும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். நெட்வொர்க் தாவலைத் திறந்தால்தான் விஷயம் புரியும்.

அதிகாரபூர்வ வழிகாட்டியில் மூன்றையும் ஃபால்ஸ் என்று வைக்கச் சொல்லியிருக்கிறது. அப்படி வைத்தால் பழைய நடத்தை கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் அந்தப் பழைய நடத்தை வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பப்ளிஷ்ரீப்ளேயில் ஒருமுறை எரர் வந்தால் அதுவும் சேமிக்கப்பட்டு, பிறகு வரும் எல்லோருக்கும் அதே எரர்தான் கிடைக்கும். நெட்வொர்க் ஒரு நொடி போய்விட்டு வந்தால்கூடப் பக்கத்தை ரீலோட் செய்தால்தான் சரியாகும். ஆகவே நான் எரருக்கான ரீசெட்டை மட்டும் ட்ரூவாகவே விட்டேன். ஒருமுறை வந்து முடியும் சர்வர் பதில்களுக்கு ஷேர்ரீப்ளே ஒன்றே போதும், அதன் இயல்புநிலை இப்படித்தான்: எரர் வந்தால் ரீசெட், முடிந்தால் இல்லை. அதற்குக் கோடு விழவும் இல்லை. வெப்சாக்கெட் போல முடியாத மூலத்துக்கு மட்டும் ரெஃப்கவுண்ட் ட்ரூ என்று சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் யாரும் இல்லாமல் இணைப்பு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

மேப்டூவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எது வந்தாலும் ஒரே மதிப்பைத் திருப்பும் அதைவிட எளிய ஆப்பரேட்டர் உண்டா? பதிலாக மேப்புக்குள் ஒரு ஃபங்ஷன் எழுதச் சொல்கிறார்கள். இதில் தவறாகப் போக என்ன இருக்கிறது என்று கேட்டால், மேப்டூவுக்குக் கொடுக்கும் மதிப்பு நிரல் அந்த வரியைத் தாண்டும்போதே கணக்கிடப்பட்டுவிடும். மேப்புக்குள் எழுதினால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கணக்கிடப்படும். தற்போதைய நேரத்தை மேப்டூவில் கொடுத்திருந்தால் எல்லா கிளிக்குக்கும் ஒரே நேரம்தான் பதிவாகியிருக்கும். மாற்றினால் தானாகவே சரியாகிவிடும். எதிர்த்திசையிலும் நடக்கும். மேப்டூவில் கொடுத்த காலி அரே ஒன்றேதான் திரும்பத் திரும்ப வரும், அதனால் கீழே உள்ள, முந்தைய மதிப்பே மறுபடி வந்தால் விடாத டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்ட் இரண்டாவதைத் தடுத்துவிடும். மேப்பில் ஒவ்வொரு முறையும் புது அரே, எனவே எல்லாம் தாண்டிப் போகும், திரை தேவையில்லாமல் மறுபடி வரையப்படும்.

எரர் வந்தால் மறுபடி முயல வைக்கும் ரீட்ரைவென்னுக்குக் கோடு விழுந்தது எனக்குச் சந்தோஷம். எரர்களின் ஸ்ட்ரீமை வாங்கி இன்னொரு ஸ்ட்ரீமைத் திருப்பும் அந்த வடிவத்தைப் புதிதாக வருபவர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்குள் ஒரு பொறியும் உண்டு. மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம் என்று உள்ளே டேக் போட்டால், உள் ஸ்ட்ரீம் முடியும்போது வெளி ஸ்ட்ரீமும் எரர் இல்லாமல் முடிந்துவிடும். சர்வர் செத்துக் கிடக்கும், பயனருக்கு வெறும் காலித் திரை. இப்போது ரீட்ரைக்கே எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி என்று கொடுக்கலாம். எண்ணிக்கை தீர்ந்தால் எரர் ஒழுங்காக வெளியே வரும். இடைவெளிக்கு எண்ணுக்குப் பதில் ஃபங்ஷனும் தரலாம், அது எத்தனையாவது முயற்சி என்பதும் அதற்குக் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் காத்திருப்பை இரட்டிப்பாக்குவது ஒரே வரி. நீண்ட இணைப்புகளுக்கு ரீசெட்ஆன்சக்சஸ் ட்ரூ என்று வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் காலையில் இரண்டு முறை அறுந்தது மாலைக் கணக்கிலும் சேரும்.

எரரோடு முடியும் ஸ்ட்ரீமை உருவாக்கும் த்ரோஎரருக்கு நேரடியாக எரர் ஆப்ஜெக்ட் தராமல், அதை உருவாக்கும் ஃபங்ஷனைத் தர வேண்டும் என்பதும் நியாயமான மாற்றமே. எரர் அதற்கு உரிய நேரத்தில் உருவாகும், ஸ்டேக் ட்ரேஸும் சரியான இடத்தைக் காட்டும். இதைத் தேடி-மாற்றில் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஸ்ட்ரீமைக் கேட்கத் தொடங்கும் சப்ஸ்கிரைபுக்கு விழுந்த கோடுதான் அதிகம் பேரைக் கலவரப்படுத்தியது. குழுவில் புதிதாகச் சேரும் யாராவது ஒருவர் "சப்ஸ்கிரைபையே எடுக்கப் போறாங்களா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். இல்லை. மதிப்பு, எரர், முடிவு மூன்றுக்கும் தனித்தனி ஃபங்ஷன்களை வரிசையாகக் கொடுக்கும் வடிவத்துக்கு மட்டும்தான் கோடு. ஒரே ஃபங்ஷன் கொடுத்தால் இன்றும் சரி, மூன்றையும் ஒரே ஆப்ஜெக்டில் பெயரோடு கொடுத்தாலும் சரி. நல்ல மாற்றம்தான், ஆனால் எடிட்டர் சப்ஸ்கிரைப் என்ற சொல்லின் குறுக்கே கோடு போடுவது பயமுறுத்துகிறது.

கம்பைன்லேட்டஸ்ட், மெர்ஜ், ஜிப், கான்கேட், ரேஸ் ஆகியவற்றின் ஆப்பரேட்டர் வடிவங்களுக்குக் கடைசியில் வித் சேர்ந்தது. 7.2இலிருந்து ஆப்பரேட்டர்களையும் முதன்மைப் பொதியிலிருந்தே இம்போர்ட் செய்யலாம், அங்கே இதே பெயரில் வேறு ஃபங்ஷன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பெயர் மோதலைத் தவிர்க்கத்தான் இந்த மாற்றம், கவலையே இல்லாமல் மாற்றலாம். ஆப்ஜெக்டின் ஒரு பண்பை மட்டும் எடுக்கும் பிளக்கை மேப்பாக மாற்றும்போது மட்டும் கேள்விக்குறியோடு புள்ளி (?.) வைக்க மறந்துவிடாதீர்கள். நடுவில் நல் வந்தால் பிளக் பொறுத்துக்கொள்ளும், வெறும் மேப் பொறுக்காது.

நான் இப்போது செய்யும் முறை இது. முதலில் கோடு விழுந்த மெத்தட்டின் விளக்கக் குறிப்பை முழுவதும் படிக்கிறேன். அதில் எந்தப் பதிப்பில் நீக்கப்படும் என்று எழுதியிருக்கும், அந்த எண் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. டூபிராமிஸும் பிளக்கும் 8இல் போகும் என்கிறது, மேப்டூ 9 என்கிறது, ரீட்ரைவென் 9 அல்லது 10. இதை வைத்தே பாதி அவசரம் குறைந்துவிடும். நிரலைப் பரிசோதிக்கும் கருவியான டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் டெப்ரிகேட் விதியை எரராக வைக்காமல் எச்சரிக்கையாக வைத்திருக்கிறேன். எரராக வைத்தால் சம்பந்தமில்லாத வேலைக்கு நடுவே யாராவது அவசரத்தில் எதையாவது மாற்றிவிட்டுப் போவார்கள். ஒரு கமிட்டில் ஒரே மெத்தட். பகிர்தல், மறுமுயற்சி சம்பந்தப்பட்டவற்றுக்கு டெஸ்ட்ஷெட்யூலரில் மார்பிள் டெஸ்ட் (ஸ்ட்ரீமின் நேர ஓட்டத்தை எழுத்துக்குறிகளால் வரைந்து சோதிப்பது) எழுதி, பழைய மெத்தட்டோடு ஓட்டிப் பார்த்த பிறகுதான் புதியதைத் தொடுவேன். அந்த டெஸ்ட்டில் இரண்டாவது சந்தாதாரர் தாமதமாக வர வேண்டும். ஒரே சந்தாதாரரை வைத்து எழுதிய டெஸ்ட் மேலே சொன்ன ஷேர் சிக்கலைக் காட்டவே காட்டாது.

ஆவணத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டெப்ரிகேஷன் குறிப்புகளில் எதற்குப் பதில் எது என்பது இருக்கிறது, நடத்தை எங்கே வேறுபடும் என்பது சில இடங்களில் மட்டுமே இருக்கிறது. "ஒரே வேலை, பெயர் மட்டும் மாற்றம்" என்று ஒரு சொல் அடையாளம் இருந்தால் பாதிப் பேர் பாதி நாளில் முடித்துவிடுவார்கள். மற்றபடி, எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை சரி என்றே சொல்வேன். மேப்டூவை மட்டும் விட்டுவைத்திருக்கலாம். எங்கள் நிரலில் அது இன்னும் பல இடங்களில் இருக்கிறது, 9 வரும்வரை அதை யாரும் தொடப்போவதில்லை.