நரம்புத் திசு ஸ்லைடு பெட்டி: நாலாவது ஸ்லைடு அருமை, ஏழாவது ஏமாற்று

வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். நரம்புச் செல்லான நியூரானைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன், கிளியல் செல் என்று வந்ததும் "தாங்கிப் பிடிக்கும் செல்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவேன். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் ஆன்லைனில் பத்து ஸ்லைடு கொண்ட பெட்டி ஒன்றை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன்.

நாலாவது ஸ்லைடுக்காகவே காசு கொடுக்கலாம். நரம்பை நார் நாராகப் பிரித்து ஆஸ்மியம் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்மியம் பட்டால் கொழுப்பு கறுக்கும், நாரைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் கொழுப்புதான் அதிகம். 10 எக்ஸில் தேடிப் பிடித்து 40 எக்ஸுக்கு மாற்றினால் கரிக்கோடு போல ஓடும் நார் ஓரிடத்தில் சட்டென்று அறுந்து மறுபடி தொடங்குகிறது, அதுதான் ரேன்வியர் கணு. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவரை உள்ள கறுப்பு முழுக்க ஸ்வான் செல் என்ற கிளியல் செல் ஒன்றே ஒன்று தன்னைச் சுற்றிச் சுற்றிப் போர்த்திய உறை. "மிஸ், சிக்னல் இந்த இடத்துக்கு இடம்தான் தாவுதா?" என்று ஒரு பெண் லென்ஸை விட்டு நகராமலே கேட்டாள். மூளையிலும் தண்டுவடத்திலும் உறை போடும் வேலை ஆலிகோடென்ட்ரோசைட் என்ற கிளியல் செல்லுடையது. அங்கே ஒரே செல் கைகளை நீட்டிப் பல நார்களுக்கு உறை போடும்.

ஏழாவதுதான் வயிற்றெரிச்சல். லேபிளில் 'ஆஸ்ட்ரோசைட்', அதாவது நட்சத்திர வடிவக் கிளியல் செல்; உள்ளே சாதாரண ஹெமடாக்சிலின்-இயோசின் சாயம் ஏற்றிய மூளைப் புறணி. அந்தச் சாயத்தில் கிளியாவின் (கிளியல் செல்களின்) உட்கரு மட்டும் புள்ளியாகத் தெரியும், நட்சத்திர வடிவம் வராது. அதற்கு 1913-ல் நரம்பியல் விஞ்ஞானி கஹால் கொண்டுவந்த தங்கச் சாயம் மாதிரி ஏதாவது வேண்டும். விற்றவர்களிடம் கேட்டால், "நல்ல மைக்ரோஸ்கோப்புல பாருங்க மேடம்" என்று பதில்! இன்னொரு கிளியா வகையான மைக்ரோகிளியாவுக்கு ஸ்லைடே இல்லை.

கூடவே வந்த துண்டுப் பிரசுரம் இன்னும் மோசம். கிளியா என்றால் பசை, 1856-ல் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்த பெயர், அதோடு சரி. நியூரான்கள் சந்திக்கும் சினாப்சில் மிஞ்சும் சிக்னல் வேதிப்பொருளான குளூட்டமேட்டை ஆஸ்ட்ரோசைட் வாரிக்கொள்வதும் மைக்ரோகிளியா குப்பையை விழுங்குவதும் அதில் இல்லை. நியூரானைவிடப் பத்து மடங்கு கிளியா என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள். 2009-ல் வந்த கணக்குப்படி மனித மூளையில் நியூரான் சுமார் 8,600 கோடி, மற்ற எல்லாச் செல்களும் சேர்ந்தே ஏறக்குறைய அதே அளவுதான்.

சீல் உடைத்ததால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். ஏழாவதின் லேபிளைச் சுரண்டிவிட்டு மார்க்கரில் 'மூளைப் புறணி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐந்துக்கு மூன்று, அதில் இரண்டு நாலாவது ஸ்லைடுக்கு.