இரண்டு டிரிகர், ஒரே அச்சு: பழைய கணினியில் நான்கு ஆண்டு கேம்பேட் அனுபவம்

நேற்று நண்பன் ஒருவன் கேட்டான்: "என்னிடம் இருப்பதும் பழைய கணினிதான். நீ வைத்திருக்கும் கேம்பேடையே வாங்கிக்கொள்ளட்டுமா?" ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேம்பேட் என்பது கணினி விளையாட்டுக்கு இரு கைகளாலும் பிடிக்கும் கன்ட்ரோலர்; என்னுடையது நான்கு ஆண்டுகளாகக் கையில் புழங்கும் பொருள். போன வாரம்தான் அதைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

பட்டன் எத்தனை, கம்பி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. அடிப்பக்கத்தில் எக்ஸ், டி என்று இரண்டு எழுத்துகள் பொறித்த சிறு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. என் கணினியில் ஓடுவது விண்டோஸ் 7. இந்த இரண்டும் சேர்ந்து எனக்குக் கொடுத்த தலைவலியைத்தான் சொல்ல வேண்டும்.

வாங்கிய அன்றே ஒரு பழைய கார்ப் பந்தய விளையாட்டைத் திறந்தேன். ஆட்காட்டி விரலால் அழுத்தும் விசைதான் டிரிகர். வலது டிரிகர் ஆக்ஸிலரேட்டர், இடது டிரிகர் பிரேக். நேர்ச் சாலையில் குறையே இல்லை. வளைவு வந்ததும் ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொட்டேன். வேகம் குறைந்தது, ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். இரண்டையும் முழுதாக அழுத்தியபோது, இரண்டிலுமே விரல் வைக்காதது போல வண்டி சும்மா உருண்டுகொண்டு போய்ச் சுவரில் மோதியது. கன்ட்ரோலர் பழுது என்றே முடிவுகட்டினேன்.

பழுது இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் வரும் சிறு பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கேம் கன்ட்ரோலர் பட்டியல் திறக்கும். அதில் பண்புகளுக்குள் போனால் சோதனைப் பக்கம். ஒரு சதுரத்துக்குள் சிறிய கூட்டல் குறி. அது கட்டைவிரலால் சாய்க்கும் இடது குச்சியைக் காட்டும். பக்கத்தில் இசட் அச்சுக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறும் ஓர் அளவுக்கு, ஒரு பட்டை. கீழே எண்ணிட்ட சிவப்பு விளக்குகள், அவை பட்டன்கள். டிரிகரைத் தொடாதபோது அந்தப் பட்டை பாதிவரை நிறைந்து நின்றது. இடது டிரிகரை அழுத்தினால் ஒரு பக்கம் நகர்ந்தது, வலதை அழுத்தினால் மறுபக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். பட்டை மெதுவாக நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. விளையாட்டுக்குத் தெரிவது இந்த ஒரு பட்டைதான். பட்டை நடுவில் நின்றால் யாரும் எதையும் தொடவில்லை என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

காரணம் தெரிந்தபோது கோபம் பாதி அடங்கியது. விண்டோஸில் கன்ட்ரோலரோடு பேச இரண்டு மொழிகள் உண்டு. டைரக்ட்இன்புட் என்பது 1990களின் நடுவில் டைரக்ட்எக்ஸ் என்ற, விளையாட்டுகளுக்கான மைக்ரோசாஃப்ட் மென்பொருள் தொகுப்போடு வந்தது. எக்ஸ்இன்புட் 2005இல் மைக்ரோசாஃப்ட்டின் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360இன் கன்ட்ரோலரோடு வந்தது. சுவிட்ச் எக்ஸில் இருந்தால் கேம்பேட் தன்னை எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் என்று அறிவித்துக்கொள்கிறது; டியில் இருந்தால் சாதாரண ஜாய்ஸ்டிக் என்கிறது. எக்ஸ்இன்புட் அறிந்த விளையாட்டுக்கு ஒவ்வொரு டிரிகரும் 0 முதல் 255 வரை தனித்தனி அளவு. அதே கன்ட்ரோலரை டைரக்ட்இன்புட் வழியாகப் பார்க்கும் பழைய விளையாட்டுக்கு இரண்டும் ஒரே அச்சின் இரண்டு முனைகள்.

இது தெரிந்தே செய்த ஏற்பாடு. பழைய விளையாட்டுகள், யாரும் தொடாதபோது எந்த அச்சும் நடுவில் நிற்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. டிரிகரோ தொடாதபோது கடைசி முனையில் நிற்கும். தனி அச்சாகக் கொடுத்திருந்தால், யாரோ ஒருவர் அதை ஓயாமல் அழுத்திக்கொண்டிருப்பதாக அந்த விளையாட்டுகள் நினைத்திருக்கும். அதனால் ஒன்றை நேர்த்திசைக்கும் மற்றொன்றை எதிர்த்திசைக்கும் வைத்து, சும்மா இருக்கும்போது நடுவில் நிற்கும்படி இணைத்துவிட்டார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் வளைவில் இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டியவனுக்கு அந்த நியாயம் எதற்கு உதவும்?

சரி, சுவிட்சை டிக்குத் தள்ளினால்? என் கேம்பேடில் டி நிலையில் டிரிகர் வெறும் பட்டனாகிவிடுகிறது. ஏழாம் விளக்கு எரியும் அல்லது அணையும், அவ்வளவுதான். கால்வாசி அழுத்தினாலும் முழு ஆக்ஸிலரேட்டர். ஈரச் சாலையில் வண்டி புறப்படும்போதே சக்கரம் சுழன்று பக்கவாட்டில் இழுக்கும். எக்ஸில் அளவு உண்டு, இரண்டையும் சேர்த்து அழுத்த முடியாது. டியில் சேர்த்து அழுத்தலாம், அளவு கிடையாது. நான்கு ஆண்டுகளாக என்னை அரிக்கும் ஒரே குறை இது. இதைப் பற்றிக் கூட வந்த மடிப்புத்தாளில் ஒரு வரி இல்லை. சுவிட்ச் என்று ஒன்று இருப்பதையே அந்தத் தாள் சொல்லவில்லை. உலோகப் பெட்டிக்குள் வைத்து விற்கும் பொருளுக்கு நாலு வரி எழுத ஆளில்லையா என்று அன்று வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்வது எக்ஸ்360சிஇ என்ற மென்பொருளை. நல்ல மென்பொருள், ஆனால் அது போகும் திசை வேறு. பழைய ஜாய்ஸ்டிக்கைப் புதிய விளையாட்டுக்கு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டுவது அதன் வேலை. என் சிக்கல் நேர்மாறு, விளையாட்டுதான் பழசு. இதை உணராமல் ஒரு மாலை முழுவதும் அதன் கோப்புகளை விளையாட்டின் அடைவில் போட்டும் எடுத்தும் பார்த்தேன். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற செயலியின் கன்ட்ரோலர் அமைப்பு இதற்கெல்லாம் கைகொடுக்கும் என்பார்கள். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7ஐ ஆதரிப்பதை நிறுத்திவிட்டது. அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

கடைசியில் நான் கண்ட வழி இதுதான். சுவிட்ச் எக்ஸில் இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டர் வலது டிரிகரிலேயே இருக்கட்டும். பிரேக்கை மட்டும் வலது குச்சியைக் கீழே இழுப்பதற்கு மாற்றினேன். அது தனி அச்சு, ஆகவே ஒன்றையொன்று தின்னாது. பிரேக்கின் அளவும் விரலுக்கு அடங்கும். வலது கட்டைவிரல் குச்சியிலேயே இருப்பதால் கியர் இரண்டையும் மேலே உள்ள தோள் பட்டன்களுக்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு நாள் வளைவுதோறும் இடது டிரிகரைத் தேடி விரல் வீணாக மடங்கியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. இப்போது அந்த விளையாட்டில் என் நேரங்கள் எல்லாமே முன்பைவிட நன்றாக இருக்கின்றன.

இனி இரண்டாவது கதை. மூன்றாம் ஆண்டில் இடது குச்சி இழுக்கத் தொடங்கியது. கையை எடுத்தாலும் வண்டி இடப்பக்கம் சாயும். சோதனைப் பக்கத்தில் கூட்டல் குறி நடுவை விட்டு ஒரு நெல்மணி அகலம் தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் அளவுத்திருத்தம் செய்யும் வசதி இருக்கிறது. செய்தேன். குறி நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது. மனம் குளிர்ந்துபோய் விளையாட்டைத் திறந்தால் வண்டி அதே இடப்பக்கம் சாய்ந்தது. திரும்பத் திரும்பத் திருத்தினேன். திரையில் நடு, விளையாட்டில் இடது. இரண்டு இரவுகள் இப்படிப் போயின.

விடை மறுபடியும் அந்த இரண்டு மொழிகளில் இருந்தது. அந்தத் திருத்தம் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் உட்காரும், டைரக்ட்இன்புட் அதைப் படிக்கும். எக்ஸ்இன்புட் அதைத் திரும்பியும் பார்க்காது. அப்போது நான் ஆடிக்கொண்டிருந்தது எக்ஸ்இன்புட் விளையாட்டு. பழைய பந்தய விளையாட்டில் அதே திருத்தம் நன்றாகவே வேலை செய்தது. சோதனைப் பக்கம் எல்லாம் சரி என்கிறதே என்று அதை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன். நீங்கள் ஆடும் விளையாட்டு எந்த மொழி பேசுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சை டிக்குத் தள்ளியதும் விளையாட்டு கன்ட்ரோலரை அடியோடு மறந்துவிட்டால் அது எக்ஸ்இன்புட் மட்டுமே அறிந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சுவிட்சை மாற்றும் முன் விளையாட்டை மூடிவிடுங்கள். பழையவற்றில் பல, தொடங்கும்போது மட்டுமே கன்ட்ரோலரைத் தேடும்.

அளவுத்திருத்தத்தில் இன்னொரு பொறியும் உண்டு. குச்சியை நடுவில் விட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்று அது முதலில் கேட்கும். கேம்பேடை வழக்கம்போல் பிடித்துக்கொண்டு அழுத்தினால் இடது கட்டைவிரலின் கனம் குச்சியில் இருக்கும், அந்தத் தவறான இடமே நடு என்று பதிவாகிவிடும். நான் மேசைமேல் வைத்து, இடது கையை எடுத்துவிட்டு, ஒற்றை விரலால் பட்டனை அழுத்துகிறேன். பாழாகிவிட்டது என்று தோன்றினால் அதே பக்கத்தில் பழைய நிலைக்கு மீட்கும் பட்டனும் இருக்கிறது.

இந்த அளவுத்திருத்தமே ஒரு பழங்காலத்து எச்சம். யூஎஸ்பிக்கு முன்பு ஜாய்ஸ்டிக் செருகுவதற்கு 15 முள் கொண்ட கேம்போர்ட் இருந்தது. ஐபிஎம் கணினிக்கு 1981இலேயே அதற்கான அட்டை வந்துவிட்டது, பிறகு ஒலி அட்டைகளின் முதுகில் அது குடியேறியது. குச்சியின் மின்தடையைப் பொறுத்து ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினி எண்ணிப் பார்த்துத்தான் குச்சி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும். கணினியின் வேகம் மாறினால் அந்த எண்ணிக்கையும் மாறும், ஆகவே ஒவ்வொரு விளையாட்டும் நடுவைக் காட்டு, மூலையைக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தின் மிச்சத்தைத்தான் இன்றும் அந்தப் பெட்டிக்குள் பார்க்கிறோம்.

எக்ஸ்இன்புட் விளையாட்டுகள் இழுப்பை வேறு வழியில் மறைக்கின்றன. குச்சியின் அளவு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 32,767 வரை போகும். அதில் இடது குச்சிக்கு 7,849, வலது குச்சிக்கு 8,689 வரை வருவதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது விளையாட்டு எழுதுபவர்களுக்குத் தரப்பட்ட பரிந்துரை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இதைத்தான் டெட் ஸோன் என்கிறோம். அதனால்தான் என் கேம்பேட் ஓட்டமும் சண்டையுமான விளையாட்டுகளில் நல்ல பிள்ளையாக இருந்தது. திருப்பம் நுட்பமாக வேண்டும் என்று பந்தய விளையாட்டு இந்த வளையத்தைச் சுருக்கி வைக்கும். குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும். விளையாட்டின் அமைப்புகளில் அந்த அளவைக் கொஞ்சம் கூட்டினால் சாய்வு நிற்கும். கூடவே குச்சியின் முதல் அசைவும் செத்துப்போகும். அதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஆகவே போன வாரம் திருகுகளைக் கழற்றினேன். குச்சியின் அடியில் வளையம் முழுக்க, பிளாஸ்டிக் உரசி உதிர்ந்த வெண்துகள். பக்கவாட்டில், மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று, இடம்-வலம் அசைவுக்கு ஒன்று என இரண்டு சிறு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது அசைவுக்கேற்ப மின்தடையை மாற்றும் உறுப்புகள். உள்ளே கரிப்பூச்சுத் தடத்தின்மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு தேய்ந்து தேய்ந்து நகர்கிறது. தடம் தேய்ந்தால் நடு நகரும். தூசி படிந்தால் அளவு துள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஒரு துளியை உள்ளே விட்டுக் குச்சியைப் பலமுறை வட்டமாகச் சுழற்றி, நன்றாகக் காயவிட்டு மூடினேன். நடுக்கம் போய்விட்டது. நடு மட்டும் ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது. தேய்ந்த தடத்தைத் துடைத்து வளர்க்க முடியாதே.

யூஎஸ்பி பற்றிச் சுருக்கமாக. கணினியின் முன்பக்கச் செருகியில், அதிர்வு வந்தபோதெல்லாம் இணைப்பு அறுந்தது. பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள செருகிக்கு மாற்றியதும் தீர்ந்தது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் மின்சேமிப்புத் தேர்வையும் எடுத்துவிட்டேன்.

இவ்வளவு குறை சொன்னவன் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். இதன் திசைப்பட்டை, அதாவது மேல், கீழ், இடம், வலம் என்று திசை காட்ட அழுத்தும் பட்டன். பழைய இருபரிமாணத் தாவல் விளையாட்டுகளில் அதை நாலாண்டு அடித்து நொறுக்கியிருக்கிறேன். இன்றும் இடது என்றால் இடது, மூலை என்றால் மூலை. ஒருமுறைகூட அழுத்தாத திசைக்கு அது போனதில்லை. பட்டனின் கீழுள்ள ரப்பர் இன்னும் முதல் நாள் போலவே எதிர்த்துத் தள்ளுகிறது. மூன்று மணி நேரம் பிடித்திருந்தாலும் உள்ளங்கை வலிப்பதில்லை. கம்பி உறை எங்கும் விரியவில்லை. நான் தொட்ட கேம்பேடுகளில் கையோடு இப்படி ஒட்டிப்போனது வேறொன்றும் இல்லை.

நண்பனிடம் கடைசியில் வாங்காதே என்றேன். பழைய பந்தய விளையாட்டுகள்தான் அவன் உயிர். டிரிகர் இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதை அவன் பொறுக்கமாட்டான். கொஞ்சம் யோசித்தவன், "அப்படியென்றால் உன்னுடையதை ஒரு மாதம் கொடு, பார்க்கிறேன்" என்றான். கொடுக்க மனம் வரவில்லை. சுவிட்சை எக்ஸில் வைத்து மறுபடியும் செருகிவிட்டேன்.